நூறு வோல்ட்

ஜப்பானில் ஏதோ ஒரு மேசையிலிருந்து
இந்தக் காரை வரைந்தவருக்கு,
பொகவந்தலாவையிலிருந்து நேசராணி டீச்சர் எழுதுவது.
உங்கள் பாஷை எனக்குத் தெரியாது.
காருக்குள் பேசும் பெண்ணுக்கு என் பாஷை தெரியாது.
பட்டனை அமுக்கியதும் ஏதோ சொல்வாள்,
நானும் "சரி, சரி" என்பேன்.
நாலு வருஷமாகச் சண்டை வந்ததில்லை.

குறை சொல்ல வரவில்லை.
கொஞ்சம் வந்திருக்கிறேன்.

கார் நிற்பது றோட்டில்,
வீடு இருபத்தேழு படி கீழே.
நீங்கள் தந்த வயர் ஐந்து மீற்றர்.
மிச்சப் படிகளுக்கு வேறு வயர் முடிந்து,
முடிச்சின் மேல் ஷொப்பிங் பை கட்டி,
மழை வந்தால் கும்பிட்டுக்கொண்டு
படுக்கப் போகிறேன்.

மார்கழி விடியலில் ஹீட்டரைப் போட்டால்
பற்றரி முழுசாக இருக்கும்போதே
பெற்றோல் எஞ்சின் எழுந்து இருமுகிறது.
கால் விரல் சூடாக ஒரு எஞ்சினா?
லீட்டர் என்ன விலை என்று தெரியுமா உங்களுக்கு?
கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஓட்டுகிறேன்.
ஸ்கூல் வாசலில் பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

கினிகத்தேனை இறக்கம் உங்கள் மேசையில் இருந்திருக்காது.
ஹட்டனில் தங்கச்சி வீட்டில் இரவெல்லாம் சார்ஜ் ஏற்றி
நூறு காட்டியதும் பெருமையாகக் கிளம்பினேன்.
மலை அள்ளி அள்ளிக் கொடுத்தது.
வாங்கி வைக்கக் காருக்குள் இடமில்லை.
நிறைந்த குடத்தில் பீலித் தண்ணீர் விழுந்த மாதிரி
அத்தனையும் வழிந்தோட,
எஞ்சின் உறுமி, பிரேக் நாறி,
கித்துல்கலைக் கடையில்
கிளாஸைப் பிடிக்க இரண்டு கையும் தேவைப்பட்டது.
எண்பதில் நிற்க ஒரு பொத்தான் வையுங்கள்.
மலையிலிருந்து இறங்குகிறவர்கள்
நிறைத்துக்கொண்டு இறங்கக் கூடாது.
மனுஷரைச் சொல்லவில்லை,
பற்றரியைச் சொல்கிறேன்.

பிறகு, சத்தம்.
பனி மூடிய றோட்டில் கொழுந்துக்குப் போகிறவர்களுக்கு
பஸ் வருவது அரை மைலுக்கு முன்பே கேட்கும்,
நான் வருவது கேட்காது.
ஹோர்ன் அடித்தால் பதறிப்போய் ஏசுகிறார்கள்.
அதனால் கண்ணாடியை இறக்கி
"நான்தான், நான்தான்" என்று சொல்லிக்கொண்டே
ஊர்ந்து போகிறேன்.

இதெல்லாம் கிடக்கட்டும்.
பின்பக்கம் ஒரு பிளக் வைத்திருக்கிறீர்கள்,
அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஆடிக் காற்றில் சவுக்கு மரம் சாய்ந்து
மூன்று நாள் கரண்ட் இல்லை.
மேல் லயத்து யோகமலர் படியிறங்கி ஓடி வந்தாள்.
இடுப்பில் டிலக்‌ஷிகா, மூன்று வயது,
ஒவ்வொரு இழுப்புக்கும் விலா உள்ளே போகிறது.
மற்றக் கையில் ஆவி பிடிக்கிற மெஷின்.
"டீச்சர், கார்ல கரண்ட் இருக்குன்னு சொன்னீங்களே."

இருந்தது.
ஒரு லயத்துக்கே விளக்கெரிக்கிற அளவு இருந்தது.
ஆனால் நூறு வோல்ட், உங்கள் ஊர்க் கணக்கு.
மெஷினுக்கு வேண்டியது இருநூற்று முப்பது.
பிளக்கின் கால்கூட ஓட்டைக்குள் நுழையவில்லை.
டோர்ச் வெளிச்சத்தில் இரண்டு பொம்பளைகள்
ஒரு காரின் முதுகைப் பார்த்து நின்றோம்.

பிறகு டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன்.
விழுந்த மரத்தை விலக்கி, பக்டரிப் பாதையால்.
அன்றைக்கு மட்டும் அந்தச் சத்தமில்லாமையைக் கும்பிட்டேன்.
பின் சீட்டு மூச்சு ஒவ்வொன்றும் கேட்டது,
அதை எண்ணிக்கொண்டே வளைவெடுத்தேன்.
நோர்வூட்டில் பற்றரி தீர்ந்து
எஞ்சின் தானாகப் பிடித்துக்கொண்டது.
மூச்சு கேட்கவில்லை.
"இருக்கா?"
"இருக்கு டீச்சர்."
"இருக்கா?"
"இருக்கு."

டிலக்‌ஷிகா இப்போது நேர்சரிக்குப் போகிறாள்.
என் காரைக் கண்டால் ஓடி வந்து
உள்ளே பேசும் அந்தப் பெண்ணைப் போலவே
ஜப்பானில் ஏதோ சொல்லிக் காட்டுகிறாள்.

அடுத்த காரில் எங்கள் வோல்ட்டுக்கு ஒரு பிளக் வையுங்கள்.
வயரையும் நீட்டுங்கள்.
இன்னொன்று:
அன்றைக்கு ஆஸ்பத்திரி கேற்றடியில்
எஞ்சினை நிறுத்தியபோது
உங்கள் பெண் ஒரு வார்த்தை சொன்னாள்.
தினமும் சொல்வதுதான்.
அதற்கு என்ன அர்த்தம் என்று
எழுதி அனுப்புவீர்களா?