அடி

அறுபத்தெட்டாயிரம்.
கச்சான் விற்ற காசு.
விதைக்கு ஒரு பங்கு, பவளராணியக்காவின் சீட்டுக்கு ஒரு பங்கு,
மிச்சத்தைப் பழைய கொப்பி மட்டைக்குள் மடித்து
விசுவமடுவில் பஸ் ஏறினேன்.

எங்கள் குழுவில் பாட மூன்று பேர்.
கீபோர்ட்டுக்குச் சுபாங்கி.
றம்ஸுக்கு அவளுடைய தம்பி, சம்பளம் கொத்துரொட்டி.
எல்லாம் மேலேதான் பறந்துகொண்டிருந்தது.
பாட்டுக்கு அடி இல்லை.
அடி இல்லாத பானையில் எவ்வளவு நேரம் உலை வைப்பது?

கரடிப்போக்குச் சந்தியில் எமில்தாஸ் கடை.
ரேடியோ, மோட்டர், மிக்ஸி எல்லாம் திருத்துவார்.
சுவரில் பேஸ் கிற்றார் மூன்று,
விலை எழுதிய மட்டையைக் கழுத்தில் கட்டிக்கொண்டு.

சிவப்புக்கு ஐந்து கம்பி.
நாலையே பிடிக்கத் தெரியாதவளுக்கு
ஐந்தாவது எதற்கு?
கறுப்பின் கழுத்தை ஒற்றைக் கண்ணால் நெடுகப் பார்த்தார்,
வரம்பு நேராக வருகிறதா என்று பார்க்கிற மாதிரி.
"வளைஞ்சிட்டுது. உங்களுக்குத் தரமாட்டன்.
கொழும்பிலயிருந்து ஆரும் வந்தால் குடுப்பன்."

மூன்றாவது மண்ணிறம். கட்டைக் கழுத்து.
முதுகில் யாரோ ஆணியால் கீறிய ஒரு 'ஜெ'.
ஒவ்வொரு கட்டத்திலும் விரல் வைத்துத் தட்டினேன்.
ஏழாவதில் மட்டும் தகரம் போல அதிர்ந்தது.
சின்னச் சாவியொன்றால் கம்பியை மயிரிழை உயர்த்தினார்.
அதிர்வு போய்விட்டது. என் கைக்குள் அடங்கியது.

பிறகு பெட்டி.
நூறு வாட்ஸ் ஒன்று நின்றது, நெல் மூட்டை உயரத்தில்.
எனக்கு அதில்தான் கண்.
மலிவாக ஒரு கிற்றார்ப் பெட்டியும் இருந்தது.
"அதுக்குள்ள பேஸை விட்டால் ஒரு மாதத்தில
ஸ்பீக்கர்க் கடதாசி கிழிஞ்சிடும், தங்கச்சி."
மூலையில் இருந்ததை இழுத்து வந்தார்:
இருபத்தைந்து வாட்ஸ், முகத்துணி ஓரம் பிரிந்தது.
போட்டவுடன் இரைந்தது.
"எர்த் பிழை. கம்பியில கையை வையுங்கோ."
வைத்தேன். அடங்கியது.

"எந்தக் காது?" என்றார்.
நான் சொல்லவேயில்லை.
ஒவ்வொரு சுரத்துக்கும் தலை வலப்பக்கம் திரும்பியிருக்க வேண்டும்.
"இடது."
பெட்டியைத் தூக்கி வலப்பக்கம் வைத்தார்.
இங்கே காதைக் கேட்பார்கள்,
வருசத்தைக் கேட்பதில்லை.

எழுபத்துநாலில் தொடங்கி அறுபத்தாறில் முடிந்தது.
வயர் அவரே பற்றவைத்துத் தந்தார். தோள்பட்டி இல்லை.
பஸ்ஸில் கொண்டக்டர் பெட்டிக்கு அரை ரிக்கெற் கேட்டான்.
"என்னக்கா, மருந்தடிக்கிற மெசினோ?"
ஓம் என்றேன்.

வீட்டில், ஆகத் தடித்த கம்பியை ஒருதரம் இழுத்தேன்.
குசினித் தகரம் நடுங்கியது.
நாய் கட்டிலுக்குக் கீழே போனது.
வேலிக்கு வந்த கேசவமூர்த்தியண்ணை
முதலில் வானத்தைப் பார்த்தார்.
பிறகுதான் என்னை.
"உழவு மெசினோ எண்டு நினைச்சன்" என்று சிரித்தார்.
உழவு மெசின் வானத்தில் வராது.
இருவருக்கும் தெரியும்.

குமிழை மூன்றுக்கு இறக்கினேன்.
அன்றிலிருந்து மூன்றுதான்.
நூறு வாட்ஸ் வாங்கியிருந்தால்
அண்ணையின் முகத்தில் எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

இரவு கரண்ட் போனது.
ஞாயிறு ஒத்திகை; விடவும் மனமில்லை.
பாடசாலைப் பையின் வாரைத் தோளில் மாட்டி
இருட்டில் வெறும் கம்பியைத் தட்டினேன்.
ஒன்றும் கேட்கவில்லை. கொசு கேட்டது.
கழுத்து உளைந்ததில் நாடியைச் சாய்த்து
மரக்கொம்பில் வைத்தேன்.

வந்தது.
பல் வழியாக, தாடை வழியாக,
பூட்டிக் கிடந்த இடப்பக்கத்துக்குள்.
மெதுவாக,
தன் வீட்டுக்குள் செருப்போடு நுழையக் கூச்சப்படுகிற ஆளைப் போல.
எடுத்துப் பார்த்தேன்: இல்லை. வைத்தேன்: இருந்தது.
எமில்தாஸ் இதற்கு விலை சேர்க்கவில்லை.

எத்தனை தரம் தட்டினேனோ.
கரண்ட் வந்தது தெரியாது.
பெட்டி சின்னச் சிவப்பு வெளிச்சத்தோடு
மூலையில் தன்பாட்டில் இரைந்துகொண்டிருந்தது,
யாராவது கை வைக்கட்டும் என்று.