அரைப்பேர்

ஹட்டனில் அன்றைக்கு மழை விடவில்லை.
மண்டபத்து வாசலில் செருப்புகள்
பஸ் வாரியாகக் குவிந்து கிடந்தன.
மஸ்கெலியா, பொகவந்தலாவை, லிந்துலை.
எல்லார் கழுத்திலும் பேராளர் அட்டை.
என் கையில் மட்டும் கோடு போட்ட கொப்பி.
"நீ கொழுந்து நிறுக்கிறவன்தானே,
கை எண்ணுறது பெரிய வேலையா?" என்று
மாவட்டச் செயலாளர் பிடித்துவிட்டார்.

ஜனாதிபதித் தேர்தலுக்கு
கட்சியின் வேட்பாளர் யார் என்று
நாங்கள்தான் தீர்மானிக்கிறோமாம்.
மேடைக்குப் பின்னால், ஒழுகாத மூலையில்,
பிரிக்காத போஸ்டர் கட்டு.
சோத்துப் பார்சல் எடுக்கப் போனபோது பார்த்தேன்.
மேல்தாளில் வீரசேகரனின் பல்வரிசை.
மை விரலில் ஒட்டியது.

முதல் பேர் அவருடையது.
முன்மொழிந்தார்கள், வழிமொழிந்தார்கள்,
மாலை தயாராக இருந்தது.
இரண்டாவது பேர் பின்வரிசையிலிருந்து வந்தது:
"தவமலர் டீச்சர்."
சொன்னது எங்கள் மேற்கணக்கு அன்னக்கொடி.
உட்காரச் சொன்னார்கள். அவள் உட்காரவில்லை.

"வெல்லவா போறோம்?" என்றார் மேடையில் ஒருவர்,
மைக்கை மூடாமல்.
"பேரைப் போட்டாத்தான் கொழும்பில் பேரம்."
ஓர் எழுத்துத்தான் கூட.

தோட்டத்தில் பேர் என்றால் வேறு.
பதினெட்டுக் கிலோ இருந்தால் முழுப்பேர்.
குறைந்தால் அரைப்பேர்,
அரை ஆளுக்குரிய சம்பளம்.
கூடையில் மழை இருக்கிறதென்று
ஆளுக்கு இரண்டு கிலோ கழிப்பவன் நான்.
அன்னக்கொடியின் பதினெட்டைப்
பதினாறாக்கிய நாட்களுக்குக் கணக்கில்லை.
அவள் தராசைத்தான் பார்ப்பாள்,
என்னைப் பார்க்க மாட்டாள்.

வீரசேகரனுக்குக் கை தூக்கினார்கள்.
மோதிரம் போட்ட கைகள்,
பாதி எழும்பிப் பக்கத்து ஆளைப் பார்த்து
மீதியும் எழும்பிய கைகள்.
எண்பத்தெட்டு.
டீச்சருக்கு எண்ணும்போது
விரல் விரலாகக் கறை தெரிந்தது,
எந்தச் சோப்புக்கும் போகாத கொழுந்துக் கறை.
நூற்று மூன்று.
இரண்டு தரம் எண்ணினேன். நூற்று மூன்று.

செயலாளர் கொப்பியை எட்டிப் பார்த்தார்.
கோபப்படவில்லை. தோளில் கை போட்டார்.
"மழைநாள், தம்பி.
ஈரத்துக்குக் கழிச்சுக்க."

பழகிய கை.
நான் யோசிக்கத் தொடங்குமுன்பே
அது கழித்து முடித்திருந்தது.
எழுபத்தொன்பது என்று
அழகாகவே எழுதியிருந்தேன்.
அதைக்கூட யாரும் வாசிக்கவில்லை.
"ஏகமனதாக" என்றது மைக்.
மழையைவிடச் சத்தமாகக் கை தட்டினார்கள்.

திரும்பும் வழியில் டிக்கோயா வளைவு மதிலில்
அந்தப் பல்வரிசை ஏற்கனவே ஒட்டியிருந்தது.
பசை வழிந்துகொண்டிருந்தது.
பஸ்ஸில் யாரும் பேசவில்லை.

திங்கட்கிழமை மடுவத்தில்
அன்னக்கொடி கூடையை மாட்டினாள்.
தலைமுக்காட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது.
முள் பதினெட்டில் நின்றது.
பதினெட்டு என்றே எழுதினேன்.

முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள்.
"ஏன் தம்பி," என்றாள்,
"இன்னைக்கு மழை பேயலையா?"