ஒரு கம்பு மிச்சம்

லொஃபோடன் தீவுகளை இந்த அக்டோபரில்
மணிக்கு நான்கு கிலோமீட்டர் வேகத்தில் பார்ப்பவர்கள்
இரண்டே பேர்.
லாரி ஓட்டும் தோர்கில்ஸ்,
பின்னால் நடந்து வந்து கம்பு நடும் ஆஸ்லைக்.

பனி விழுமுன் நட்டாக வேண்டும்,
கலப்பை வண்டிக்காரனுக்கு
வெள்ளைக்குள் சாலை எதுவென்று தெரிய.
பனியே பாராத ஏதோ நாட்டின் மூங்கில்
உச்சியில் ஒளிர்பட்டை சுற்றிக்கொண்டு
கட்டுக்கட்டாய்ப் படுத்து வருகிறது.

துளை, கம்பு, இரண்டு தட்டு.
துளை, கம்பு, இரண்டு தட்டு.

மலைகளின் மேல்பாதி ஏற்கெனவே வெள்ளை.
கீழே பிர்ச் மரங்கள் மஞ்சளாகி, அது போதாதென்று
தரையோடு தரையாய்
புளூபெரிச் செடி சிவந்து கிடக்கிறது.
மீன் உலர்த்தும் மரச்சட்டங்கள் காலி;
அடுத்த மீன் வரும்வரை
அவற்றில் காற்றுதான் காயும்.
வாடை மட்டும் போகவில்லை.
பாலத்தின் முதுகில் ஏறும்போது ஒரு கடற்கழுகு
அவள் கண்மட்டத்துக்கு வந்து
பாலத்தின் அடியில் புகுந்து போயிற்று.
பார்த்தாயா என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

யிம்சோய் வளைவில் மட்டும்
விதி சொல்லும் இடைவெளியில் பாதிக்கு ஒன்றாக நட்டாள்.
தோர்கில்ஸ் கண்ணாடியில் பார்த்தான். பேசவில்லை.
போன பிப்ரவரியில்
கம்புகளைக் காற்று பிடுங்கிப்போன இதே வளைவில்
தபால் வேனை நிறுத்திவிட்டு
சாலை எந்தப் பக்கம் கடல் எந்தப் பக்கம் என்று தெரியாமல்
ஏழாம் வாய்ப்பாட்டைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டு
மூன்று மணிநேரம் உட்கார்ந்திருந்தாள்.
ஜன்னலில் இரண்டு தட்டு.
"ஏழெட்டு ஐம்பத்தாறு" என்றபடி கதவைத் திறந்தாள்.
கலப்பை வண்டியிலிருந்து இறங்கி வந்தவன் அவன்.
கம்பு நட ஆள் தேவை என்ற விளம்பரத்துக்கு
பிறகு வந்த விண்ணப்பம் ஒன்றே ஒன்று.

ஃப்ளாக்ஸ்டாடில் வேலியோரம் ஹால்வார்
மலையிறங்கிய ஆடுகளை எண்ணிக்கொண்டிருந்தான்.
"நூற்றுப் பன்னிரண்டு போயிற்று,
நூற்றுப் பதினொன்று வந்திருக்கிறது. பார்த்தால் சொல்லுங்கள்."
அடையாளம் கேட்டாள்.
"ஆடு மாதிரி இருக்கும்."

பதினோராம் நாள், ஹம்னோய் பாலத்தருகே
வாடகை வேனில் வந்த ஒரு தம்பதி:
எங்களை ஒரு படம் எடுக்க முடியுமா?
கையிலிருந்த கம்பை லாரியில் போட்டுவிட்டு
பதினொரு படம் எடுத்துக் கொடுத்தாள்.
எதற்கு இந்தக் கம்புகள் என்றான் கணவன்.
"இது சாலை என்று சொல்ல."
அவன் குனிந்து தாரைப் பார்த்தான், வெள்ளைக் கோட்டைப் பார்த்தான்.
"தெரிகிறதே" என்றான்.

கடைசி ஊரின் பெயர் ஓ.
அவர்கள் நெடுங்கணக்கிலும் அதுதான் கடைசி எழுத்து;
பொருள், ஓடை.
ஓடை வற்றி முதலெழுத்து மட்டும் நின்றுவிட்டது போல
சாலை அங்கே
ஒரு வாகன நிறுத்தத்தில் முடிகிறது.
லாரியில் ஒரு கம்பு மிச்சம்.

"அடுத்த வருஷத்துக்கு ஆகும்" என்று திரும்பினான்.
அவள் ஏறி உட்கார்ந்து
கதவைச் சாத்தியிருந்தாள்.

இருட்டிவிட்டது. முகப்பு விளக்கு பட்டதும்
ஒளிர்பட்டைகள் இரண்டிரண்டாய் விழித்து
இரண்டிரண்டாய்ப் பின்னால் போயின.
மேலே பச்சை ஒளி ஒன்று
விரிந்து, நெளிந்து, யாரும் பார்க்காமலே ஓய்ந்தது.
இவர்கள் தேடியது
வெளிச்சம் விட்டுப்போன ஓர் இடத்தை.

ஹம்னோய்.
தம்பதி நின்று சிரித்த இடத்துக்குப் பின்னால்
துளை மட்டும் இருந்தது, மழைநீர் தளும்ப.

கம்பு. இரண்டு தட்டு.

ஹால்வாரை அழைத்துக் கேட்டாள்.
இல்லை, நூற்றுப் பதினொன்றுதான்.