மூடி விழுந்த ஞாயிறு

வாளியை எடுத்தாலே தெரிந்துவிடுகிறது அவற்றுக்கு.
நீல வாளி. 'மீனுக்கு மட்டும்' என்று
ஆரபி மார்க்கரால் எழுதியது,
ம கொஞ்சம் நொண்டும்.
குளியலறையில் அதன் கைப்பிடி கிணுங்கும்போதே
எட்டு நியான் டெட்ராக்களும்
வடிகட்டியின் பின்னால், ஒன்றின்மேல் ஒன்றாய்.

வெளியே பெம்பினா சாலையில் மைனஸ் இருபத்தொன்பது.
குழாய்த் தண்ணீர் விரலைக் கடிக்கிறது.
சுடுநீர் கலந்து கலந்து
இருபத்தைந்துக்குக் கொண்டுவருவதற்குள்
என் தேநீர் ஆறிப்போகிறது.
குளோரின் முறிக்கும் மருந்து நாலு சொட்டு,
சமையலறை முழுக்க அழுகின முட்டை நாற்றம்.

இவ்வளவும் உங்களுக்காகத்தான் என்று
கண்ணாடியில் வாய் வைத்துச் சொல்லிப் பார்த்தேன் ஒருநாள்.
வாய் பெரிதாகத் தெரிந்திருக்கும்.
இன்னும் ஒதுங்கின.

தீனி போடுவதும் இந்தக் கைதான்.
காலையில் அதைக் கண்டால்
முட்டி மோதி மேலே வருகின்றன.
முழங்கைவரை உள்ளே இறங்கினால் மட்டும்
அது வேறு ஏதோ.
மணிக்கட்டு மயிரில் குமிழிகளோடு
கூரையைப் பிய்த்துக்கொண்டு வருகிற ஏதோ.

பயந்தால் நிறம் போய்விடும் இவற்றுக்கு.
அந்த நீலக் கோடு, பாதி உடலின் சிவப்பு,
எல்லாம் வெளிறி
தண்ணீரைவிடக் கொஞ்சம் கெட்டியான
தண்ணீராய் நிற்கும்.

இன்று மூடி கைநழுவியது.
கண்ணாடி மூடி. உடையவில்லை.
தொட்டியின் விளிம்பில் பட்டு, மேசையில் பட்டு, தரையில்.
மீன்கள் ஒரே வீச்சில் சிதறி
சுவரில் மோதுவது கேட்டது,
தாம்பாளத்தில் நாலு அரிசி விழுந்தாற்போல.

ஒன்றுமில்லை என்று திரும்பினேன்.
சோபாவில் ஆரபி, மடியில் டேப்லெட்,
தோள் இரண்டும் காதுவரை ஏறி.
என் முகத்தைப் பார்க்கவில்லை.
கைகளைப் பார்த்தாள்.

நான் கத்தவில்லை.
கத்தி இரண்டு வருஷமாகிறது.
இந்த வீட்டில் ஒருநாளும் கத்தினதில்லை.
அது கெனாஸ்டன் பக்கத்து வீடு, வேறு மேசை.
அன்று எதுவும் தானாக விழவுமில்லை.
அவளுக்கு ஐந்து வயது, மறந்திருப்பாள் என்று
படிவங்களில் கையெழுத்திடும்போது
நினைத்துக்கொண்டேன்.

"லைட்டை முதல் நூருங்கோ அப்பா,"
என்றாள் கொஞ்ச நேரம் கழித்து.
மீன்களைப் பற்றித்தான்.
"பிறகு கையை ஒரு இடத்தில வைச்சிட்டு
சும்மா நிக்கோணும். கன நேரம்."

நின்றேன்.
இருட்டில், முழங்கை நனைய, முதுகு பிடிக்கும்வரை.

அவள் போன் வெளிச்சத்தில் எண்ணினாள்.
ஏழு.
மறுபடியும் ஏழு.
மிக்சரைக் காணோம்.
(வால் கடிபட்டது. மிக்சர் கொறித்துக்கொண்டிருந்த
மதியமொன்றில் வைத்த பேர்.)
ஹீட்டருக்குக் கீழே நான்தான் முதலில் குனிந்தேன்.
போன வருஷம் ஒன்று அங்கே கருவாடாய்க் கிடந்தது.
அவளுக்குச் சொல்லாமல்
அதே நிறத்தில் இன்னொன்று வாங்கி விட்டிருந்தேன்.

நீல வாளியில் இருந்தது.
பாதி அழுக்குத் தண்ணீரைச் செடிகளுக்கு ஊற்றியாயிற்று,
மிச்சப் பாதியில், எச்சத்தின் அடியில்.
குழாய் உறிஞ்சியதோ, தானே குதித்ததோ.
என் ஆறின தேநீரை சிங்கில் ஊற்றி
கோப்பையை அலம்பி, அலம்பி, மறுபடியும் அலம்பி
அவள்தான் அள்ளினாள்.

"தொட்டுப் பாக்கவா?" என்றேன்.
"வேண்டாம்."
செவுள் அசைகிறதாம். அது போதுமாம்.
கோப்பையைத் தொட்டிக்குள் தாழ்த்திச் சரித்தாள்.
அது வெளியே போகவில்லை.

ஐந்து மணிக்கு அவள் அம்மாவின் கார்.
பனிச் சப்பாத்து, கையுறை, தொப்பி,
ஒரு அவசர அணைப்பு, ஒரு தோளால்.

விளக்குப் போடாமல் உட்கார்ந்திருக்கிறேன்.
எட்டரைக்கு அம்மாவின் போனிலிருந்து அவள்:
எத்தனை?
எட்டு என்று அனுப்பினேன்.
கோப்பை வெறுமை.
நிறம் வந்திட்டுதா?

குனிந்து, மூச்சுப் படாமல், பார்த்தேன்.
இன்னும் இல்லை என்று எழுதினேன்.