ஆறு எண்ணுவதற்குள்

ஆறு இங்கே முடிந்துவிடுகிறது.
மேலிருந்து பார்த்தால் அப்படித்தான்:
வழுவழுவென்று ஒரு கோடு,
அதற்கப்பால் மரங்களின் உச்சி மட்டும்.
மீதியெல்லாம் சத்தம்.

வெராக்ரூஸ் மலைச்சரிவில்
எவோதியோவின் தோட்டத்தைத் தாண்டித்தான் இறங்க வேண்டும்.
தலைக்கு இருபது பெசோ. தோளில் இருக்கும் கயாக்குக்குக் கிடையாது.
நசாரியோ ஏழு ஆரஞ்சு கேட்டான்.
"தின்னவா?"
"எறிய."
எவோதியோ மேற்கொண்டு கேட்கவில்லை.
அடிபட்டதாக, சிறியதாகப் பார்த்துப் பறித்தார்.

அருவியின் அடியில், கருங்கல் தூண்களுக்கு நடுவில்
மீட்புக் கயிற்றுப் பையோடு நான் நின்றேன்.
இன்று நான் இறங்கவில்லை.
வேண்டாம் என்றவளிடம் ஏன் என்று கேட்பதில்லை,
எங்களுக்குள் அப்படியொரு வழக்கம்.
காலையில் காப்பி கசந்தது. அவ்வளவுதான் என்னிடமும் இருந்த காரணம்.

மேலே, நீரின் பச்சை நாக்கில்
ஒவ்வொரு பழமாக விட்டார்கள்.
அறுபதடி.
விழுந்தது முதல் எண்ணினேன்.
முதலாவது மூன்றில் வந்தது.
அடுத்தது நான்கில், அதற்கடுத்ததும்.
ஐந்து பழம் என்னைக் கடந்து கடலுக்குப் போயின.
கொஞ்சம் இடதுபுறம் தள்ளி விட்ட இரண்டு மட்டும்
வரவேயில்லை.
கையை வலப்பக்கமாக வீசிக் காட்டினேன். வலது, வலது.
நசாரியோ கட்டைவிரலை உயர்த்தினான்.

முதலில் நார்வேக்காரி தூருன்.
தாடைப் பட்டையை இரண்டு முறை இழுத்தாள்.
இடுப்பு மூடியின் பிடிவார் வெளியே இருக்கிறதா என்று
தொட்டுப் பார்த்தாள். அது உள்ளே மாட்டிக்கொண்டால்
படகே பெட்டி.
கோட்டின் மேல் மஞ்சள் மூக்கு எட்டிப் பார்த்தது.
குனிந்தாள், நெற்றி முழங்காலைத் தொட,
பிறகு வெள்ளை, வெறும் வெள்ளை.
ஒன்று. இரண்டு. மூன்று.
நான்கில் தக்கைபோல் துள்ளி எழுந்தாள், வாய் திறந்து.
சிரிப்பா அலறலா, அந்த இரைச்சலில் தெரியவில்லை.

பிறகு சிவப்புப் படகு.
நான்கு விரற்கடை இடது.
இங்கிருந்தே தெரிந்தது. அவனுக்கும் தெரிந்திருக்கும்,
கடைசித் துடுப்புவீச்சை அவசரமாகப் போட்டான்.

ஒன்று.
இரண்டு.
மூன்று.
நான்கு.
ஐந்து.
ஆறில் துடுப்பு வந்தது.
துடுப்பு மட்டும்.

அதற்குப் பிறகும் எண்ணினேன்,
பெயர் தெரியாத ஊரில் வீடு தேடுவதுபோல.
பதினொன்றில் படகு, வயிற்றைக் காட்டிக்கொண்டு, காலியாக.
தூருன் பாசிப்பாறையில் நான்கு காலால் ஏறினாள்.
முப்பதோ, நாற்பதோ,
நீர்த்திரைக்குப் பின்னாலிருந்து
விசில், மூன்று முறை, குட்டையாக.

கயிற்றை வீசினேன். திரை அதை அடித்து அமுக்கியது.
சுருட்டி மறுபடி வீசினேன். அதே கதை.
மூன்றாவது முறை வயிற்றுயரத்துக்குக் குனிந்து
ஓரத்து இடுக்கில் பக்கவாட்டில் எறிந்தேன்.
ஓடிக்கொண்டிருந்த கயிறு
நின்றது.
கனத்தது.

இழுத்தோம். நசாரியோ வந்தான்,
ஒரு காலில் செருப்பில்லாமல்,
மிதவைச் சட்டைக்குள் புடைப்பாக எதையோ வைத்துக்கொண்டு.
ஆரஞ்சு.

"உள்ளே ஒரு அறை இருக்கு," என்றான், பல் தந்தியடிக்க.
"பச்சை வெளிச்சம். ரெண்டு பழமும் சுத்திக்கிட்டே இருந்தது.
ஒரு பந்தும். யாரோ பிள்ளையோட பந்து."
"இன்னொன்னை ஏன் விட்டுட்டே?"
கோபத்தில் கேட்டேன். வேறென்ன கேட்பது என்று தெரியவில்லை.
"ஒரு கைதானே வேலை செஞ்சுது."
அப்போதுதான் பார்த்தோம்,
இடது தோள் அதன் இடத்தில் இல்லை.

எலும்பு வைத்தியம் நகரத்தில். லாரி தோட்டத்து வாசலில்.
அங்கே எவோதியோ பழத்தைக் கையில் வாங்கித்
திருப்பித் திருப்பிப் பார்த்தார்,
காம்பில் இருந்த மணலை ஊதினார்.
"ஏழு கொடுத்தேன். ஒண்ணு வந்திருக்கு.
ஆறுக்குக் காசு."

கயிறு அறுத்த உள்ளங்கையில் சில்லறையைக் கொட்டி
எண்ணி எண்ணி வைத்தேன்:
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து.
அடுத்ததைச் சொல்ல வாய் வரவில்லை.
அவர் கையை நீட்டியபடியே காத்திருந்தார்.
மரங்களுக்குப் பின்னால்
அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.