ஆயிரம் ரூபாய் சுவர்

எழுபத்தைந்திலிருந்து
வடாற்காடு முழுக்க அந்த வாசகத்தை எழுதியவன் நான்.
ஆற்காட்டில் பஸ் ஸ்டாண்டுச் சுவர்,
குடியாத்தத்தில் தீப்பெட்டி ஆபீஸின் பின்பக்கம்,
ஆம்பூரில் தோல் நாறும் ஒரு சந்து:
"பெரியம்மை கண்டால் தெரிவிக்கவும்.
முதலில் தெரிவிப்பவருக்கு ரூ. 1000 பரிசு."
சைபர்களை மட்டும் சிவப்பில் போடச் சொன்னார்
சுகாதார ஆய்வாளர் தயாநிதி.
சுவருக்கு நாலு ரூபாய் கூலி.

என் முகத்தைப் பார்த்துச் சிலர் சிரிப்பார்கள்.
நாலு வயதில் வந்து போனவள்
கன்னத்தில் பறித்த குழிகள்.
"உன்னையே இட்டுகினு போய்க் காட்டுனா
குடுப்பாங்களா மேஸ்திரி?"
இருபத்தைந்து வருஷம் லேட்டு என்பேன்.

ஒடுகத்தூர்க்காரர் ஒருவர்
மகனைத் தோளில் போட்டுக்கொண்டு மைல்கணக்கில் நடந்து வந்தார்.
சின்னம்மை.
பிள்ளைக்கு மருந்தும் பஸ்ஸுக்கு எட்டணாவும் கொடுத்தார்கள்.
அழுதது அப்பன்தான்.
எதற்கு என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

எழுபத்தேழு மார்ச்சில் காவலூரில் வேலை.
ஆலங்காயம் தாண்டி ஜவ்வாது மலை ஏற
சந்தன வாசம் வரும் என்றார்கள்.
டீசல் வாசம் வந்தது.
தொலைநோக்கிக்காரர்களின் குடியிருப்புக் கதவுகளுக்கு
எண் போட வேண்டும்.
எட்டு காய்வதற்குள் இருட்டிவிட்டது.
ஜெனரேட்டர் கொட்டகையில் படுத்தேன்.

பத்தாம் தேதி ராத்திரி, விடிந்தால் பதினொன்று.
குளிருக்குப் பீடி பற்றவைத்தேன்.
இருட்டுக்குள்ளிருந்து ஓடி வந்தான் ஒருவன்,
கம்பளி, குரங்குக் குல்லா, பெயர் சலபதி.
"அணை, அணை" என்றான்.
பிறகு அண்ணாந்து வானத்தை முறைத்தான்.
"மேகம் ஏதாவது போச்சா?"
ஒரு துண்டும் இல்லை.
துலாம் ராசிப் பக்கம் ஒரு நட்சத்திரத்தை
யுரேனஸ் மறைக்கப் போகிறதாம்.
மறைக்க இன்னும் நேரம் இருக்கையில்
வெளிச்சம் சில நொடி
தடுக்கி விழுந்து எழுந்ததாம்.
சுருள் காகிதத்தில் பேனா இறங்கி ஏறிய பள்ளத்தை
மறுநாள் காட்டினான்.
என் கன்னத்தில் இருக்கிற மாதிரி ஒன்று.
சொல்லவில்லை.

அது வளையம் என்று பேப்பரில் வந்தபோது
நான் கட்சிச் சுவர்களில் இருந்தேன்.
சித்திரையில் தயாநிதி ஆள் அனுப்பினார்:
தேசத்தில் பெரியம்மை இல்லை,
சான்றிதழ் கொடுத்துவிட்டார்கள்,
வாசகத்தை அழி.
எழுத நாலு ரூபாய், அழிக்க ஒன்றரை.
பரிசை யார் வாங்கினார்கள் என்றேன்.
"யாரும் வாங்காததாலதான்யா சான்றிதழ்."

இரண்டு கோட் சுண்ணாம்பு அடித்தும்
மழைக்கு மழை எட்டிப் பார்த்தன
மூன்று சைபர்கள்.
அந்த ஆடிக்கும் செல்லியம்மனுக்குக் கூழ் ஊற்றினோம்.
அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

ஆவணியில் இரண்டு கலங்கள் வானத்துக்குக் கிளம்பின.
எனக்கு வெகுகாலம் தெரியாது.
மாற்றலாகிப் போகிற அன்று சலபதிதான் சொன்னான்:
தங்க முலாம் பூசிய தட்டு,
ஐம்பத்தைந்து மொழியில் வணக்கம்,
ஊர் திரும்பாத பயணம்.
அவன் வீட்டுத் தெலுங்கு போயிருக்கிறது.
என் பெயிண்ட் டப்பா தூக்கும் கௌஸின் உருது போயிருக்கிறது.
தமிழ் இல்லை.

கோபம் வரவில்லை.
தட்டு எத்தனை அங்குலம் என்று கேட்கத்தான் தோன்றியது.
என்னிடம் விட்டிருந்தால்
ஓரத்தில் நீலப் பட்டை அடித்து
சிவப்பைத் தொடாமல் எழுதியிருப்பேன்:
"இவ்விடம் பெரியம்மை இல்லை.
பீடியை அணைத்துவிட்டு வரவும்."