காலைக் கேட்பவள்

வால்பரைசோவில் யாரும் சமதரையில் வாழ்வதில்லை.
ரொட்டிக்குப் படி, மீனுக்குப் படி,
கோபித்துக்கொண்டு வெளியேறவும் படி.
இங்கே ஒருவர் காலில் ரத்தம் குறைந்தால்
முதலில் தெரிவது படிக்கட்டுக்குத்தான்.

நான் யாஸ்னா.
மருத்துவமனையின் ஜன்னலில்லா அறையில்
பேனா அளவு டாப்ளர் கருவியை வைத்து
காலைக் கேட்பவள்.
முதலில் ஜெல் தடவ வேண்டும். அது குளிரும்.
நோல்பெர்த்தோ கெட்ட வார்த்தை சொல்லி
உடனே மன்னிப்பும் கேட்டார்.
எலெயுத்தேரியோ ஒன்றும் சொல்லவில்லை.
பொறுமைசாலி, என்று நினைத்துக்கொண்டேன்.
வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதமே ஆகியிருந்தது எனக்கு.

ஒருவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர்,
நெஞ்சில் நாற்பது வருடப் புகை.
மற்றவர் கோதுமையும் உலர்ந்த பீச்சும் மிதக்கும்
இனிப்புப் பானம் விற்றவர்,
ரத்தத்தில் பதினெட்டு வருடச் சர்க்கரை.
மே மாதத்து ஒரே செவ்வாய்க்கிழமை,
வலது தொடையில் ஒரே மாதிரி அடைப்பு,
பலூன், பிறகு ஸ்டென்ட்.
மருத்துவர் இரண்டு படங்களையும் விளக்கின்முன் பிடித்து
"அழகு" என்றார்.
அழகாகத்தான் இருந்தன.

வார்டிலேயே பந்தயம் கட்டினார்கள்:
தொண்ணூறாம் நாள், மொந்தேரோ குன்று,
நூற்று அறுபத்தொரு படி.
உச்சியை முதலில் தொடுபவருக்கு
ஐந்து லிட்டர் ஒயின்.

ஆறாவது வாரம் எலெயுத்தேரியோ வந்தார்.
கணுக்காலில் பட்டை கட்டி ஊதினேன்.
ஒன்று புள்ளி நான்கு.
ஆரோக்கியத்தைவிடக் கொஞ்சம் அதிக ஆரோக்கியம்.
பொய்.
சுண்ணாம்பேறிய குழாய் பட்டைக்கு நசுங்காது.
நசுங்காததை எல்லாம்
வலிமை என்று எழுதிக்கொள்ளும் இந்த இயந்திரம்.

காலுறையைக் கழற்றினேன்.
உள்ளங்காலில் வட்டமாக ரம்பப் பல்லின் அச்சு,
நடுவில் கருப்பு.
காலணியைக் கவிழ்த்தால் ஒரு பீர் மூடி விழுந்தது.
"எத்தனை நாளாக?" என்றேன்.
"எது?" என்றார்.

ஸ்டென்ட் திறந்தேதான் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும்.
தொடையில் கேட்டபோது குதிரை ஓடுவதுபோல் ஓடியது ரத்தம்.
ஆனால் முழங்காலுக்குக் கீழே குழாய்கள் மூன்று,
மூன்றும் முட்டை ஓடு.
நகராட்சி தெருவுக்கு மட்டும் புதுக் குழாய் பதித்துவிட்டுப் போகுமே,
வீட்டுக்குள் துருப்பிடித்தது துருப்பிடித்தபடி.
அப்படி.

ஜூலையில் பெருவிரல்.
அதே ஜூலையில் பக்கத்து விரல்.
ஆகஸ்டில், முழங்காலுக்கு ஒரு சாண் கீழே.
நோல்பெர்த்தோ பந்தயத்தை இரண்டு முறை தள்ளிப்போட்டார்.
அவர் கால் தேறிவிட்டது. ஒளித்துப் புகைக்கிறார் இன்னும்.
நியாயத்தை அளக்கும் கருவி
எங்கள் அறையில் இல்லை.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை ஏறினார்களாம்.
நான் அங்கே இல்லை. ஆளுக்கொரு கதை சொன்னார்கள்,
படிகளின் எண்ணிக்கை மட்டும் ஒத்துப்போனது.
தொண்ணூற்று நான்கில் உட்கார்ந்து,
மூச்சு வாங்கி,
நோல்பெர்த்தோ உச்சிக்குப் போனபோது
சக்கர நாற்காலியில், முழங்காலில் கம்பளியோடு
எலெயுத்தேரியோ காத்திருந்தார்.
குன்றேறும் தூக்கி வண்டியில் வந்திருக்கிறார்.
"காலால் என்று எவன் சொன்னான்?"

ஒயின் வாங்கித் தந்தாகிவிட்டது.
ஜெயித்தவர் ஒரு வாய் குடித்துவிட்டு
மூடியைத் தேடித் தேடி எடுத்துச்
சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாராம்.

நவம்பரில் இடது காலுக்கு வந்தார்.
கணுக்காலில் பட்டை கட்டவில்லை நான்,
நேரே விரலுக்குப் போனேன்.
குளிர்ந்த ஜெல்லைப் பிதுக்கிவிட்டு
அவர் முகத்தையே பார்த்தேன்.
மகள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் விலை பற்றி
ஏதோ சொல்லிக்கொண்டிருந்தவர் நிறுத்தி,
"தொடங்கலாமே, யாஸ்னா" என்றார்.

கருவி அவர் விரல்மேல்
ஐந்து விநாடியாக இருந்தது.